மலையேறும் மோட்டார் சைக்கிளும் மாதச் சம்பளமும்

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழ்கின்ற தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவற்றிற்கு வீடுகள் இரண்டு. ஒன்று, கரமனையிலோ சாலைக் கடைத்தெருவை அடுத்தோ நாம் வாடகை கொடுத்துக் குடியிருப்பது. மற்றொன்று, நாகர்கோவில், நெல்லை, தென்காசிப் பக்கங்களில் நம்மைப் பெற்றவர்கள் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பது. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, தாயாருக்குக் காய்ச்சல் என்று ஏதேனும் ஒரு காரணத்தால் இவ்விரண்டு வீடுகளுக்கும் இடையே நாம் ஓடிக்கொண்டேயிருக்கிறோம். ஆகவே வாகனத்தைப் பற்றிய பேச்சு நமக்கு வெறும் பொழுதுபோக்கன்று. குடும்பக் காரியமே ஆகும்.

இத்திங்கள் இப்பகுதியில் நான் எடுத்துக்கொண்ட பொருள், இன்று இளைஞர் உள்ளங்களைக் கொள்ளை கொண்டிருக்கும் 'அட்வென்ச்சர்' மோட்டார் சைக்கிள்கள். உயர்ந்த இருக்கையும், பெரிய முன்சக்கரமும், மூக்கு நீண்ட முகப்பும் உடைய அவ்வண்டிகளை நேயர்கள் கவடியாறு சாலையில் கண்டிருப்பீர்கள். டெக்னோபார்க்கில் ஊழியம் பார்க்கும் என் மைத்துனர், "அத்தான், என் வண்டியைக் கொடுத்துவிட்டு ஒரு ஹிமாலயன் எடுக்கலாமென்று இருக்கிறேன். கொஞ்சம் கடன் போட்டால் போதும்" என்று இரண்டு மாதமாகச் சொல்லி வருகிறார். என் வசம் இருப்பதும் பதினோராண்டு உழைத்துவிட்ட 125 சி.சி. வண்டியே, அதற்கும் ஓய்வு கொடுக்கும் காலம் நெருங்கிவிட்டது. எனவே இருவருமாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கெழுதத் தொடங்கினோம். அக்கணக்கின் சாரத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

முதற்கண் இவ்வகை வண்டி எங்கிருந்து வந்தது என்பதைச் சிறிது பார்ப்போம். 1978ஆம் ஆண்டின் இறுதியில் பாரிஸ் நகரத்திலிருந்து ஆப்பிரிக்காவின் டாக்கர் வரை பாலைவனங்களைக் கடந்து செல்லும் பந்தயம் தொடங்கியது. 1980இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம், நெடுஞ்சாலையிலும் கரடுமுரடான பாதையிலும் ஒருங்கே செல்லத்தக்க 800 சி.சி. வண்டியொன்றை வெளியிட்டது. அதன் வழிவந்த வண்டியே 1981இல் அப்பந்தயத்தை வென்றது. அன்று முதல் இவ்வகை உலகெங்கும் பரவலாயிற்று. 2015இல் நம் நாட்டவரான சி.எஸ். சந்தோஷ் டாக்கர் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் என்னும் பெயர் பெற்றார்.

நம் நாட்டில் 2011இல் ஹீரோ நிறுவனம் 'இம்பல்ஸ்' என்ற 150 சி.சி. வண்டியைக் கொணர்ந்தது, மக்கள் அதனை அவ்வளவாக ஏற்கவில்லை. 2016இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் 'ஹிமாலயன்' 411 சி.சி. இயந்திரத்தோடு வந்தபோதுதான் காற்று மாறியது. அந்நிறுவனத்திற்கும் நம் தாய்நாட்டிற்கும் உள்ள உறவு பழையது. 1955இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் தொழிற்சாலை நிறுவியது. இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் அதன் ஆலைகள் இயங்குகின்றன. ஆயினும் ஊர்ப்பாசத்தைக் கொண்டு வண்டி வாங்கலாகாது. பாசம் வேறு, பல்சக்கரம் வேறு.

ஒரு வண்டியை அளந்து பார்க்க வேண்டிய கோல்கள் நான்கு என்பது என் எண்ணம். அவை பாதை, கால், பாரம், பணம் என்பன. இவற்றை ஒவ்வொன்றாகச் சீர்தூக்குவோம்.

முதலாவது பாதை. நம்மவர் ஊர் செல்லும் வழிகள் முக்கியமாக இரண்டு. தெற்கே நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவிலுக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அங்கிருந்து ஆரல்வாய்மொழி, காவல்கிணறு, வள்ளியூர், நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலிக்கு மேலும் 80 கிலோமீட்டர். மற்றொரு வழி நெடுமங்காடு, பாலோடு, மடத்தறை, குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு வழியாக மலையேறி, புளியரை இறங்கி, செங்கோட்டை, தென்காசி செல்வது. இது நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1956 நவம்பர் 1ஆம் நாள் வரையப்பெற்ற மாநில எல்லையை இரு வழிகளும் கடக்கின்றன.

இவற்றில் முதல் வழியின் துன்பம் நெரிசல். பாலராமபுரத்திலும் களியக்காவிளையிலும் ஒன்றாம் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்துதான் செல்லவேண்டும். அங்கே நாற்பது குதிரைத்திறனும் ஒன்றுதான், பத்துக் குதிரைத்திறனும் ஒன்றுதான். கனமான வண்டியோ கையையும் காலையும் நோகச் செய்யும். ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் வேறொரு சோதனை. தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளி வழியாகப் பீறிட்டு வருவதனால்தான் முப்பந்தலில் அத்துணைக் காற்றாலைகள் நிற்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் அக்காற்று பக்கவாட்டில் அறையும்போது, உயரமான வண்டியும் அதன் இருபுறமும் மாட்டிய பெட்டிகளும் பாய்மரம் போல் காற்றை வாங்கிக்கொள்ளும். அவ்விடத்தில் கனமான வண்டிக்கு ஓரளவு நன்மை உண்டு. அதைக் காட்டிலும் நன்மை, பெட்டிகளைக் குறைத்து மெல்லச் செல்வது.

இரண்டாம் வழியின் துன்பம் வளைவும், மழையும், இருளும். சாலை முழுதும் தார் போட்டதே. எனினும் மழைக்காலத்தில் குழிகள் எங்கே என்று தெரியாது. சென்ற ஐப்பசியில் என் தாயாருக்கு மூச்சுத் திணறல் என்று இரவு ஒன்பதரை மணிக்கு ஊரிலிருந்து சேதி வந்தது. தென்காசிக்கு நம்மூரிலிருந்து நேர் ரயில் பாதை இல்லை. ரயிலில் சுற்றியே செல்லவேண்டும். அந்நேரத்தில் பேருந்தும் கிட்டவில்லை. பழைய வண்டியிலேயே புறப்பட்டேன். குளத்துப்புழைக்கு அப்பால் காட்டுப் பகுதியில் மழை கொட்டியது. முகப்பு விளக்கின் மங்கல் ஒளியில் சாலைக்கும் நீருக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஒரு காட்டுப் பன்றி குறுக்கே பாய்ந்தபோது, பிரேக் பிடித்ததில் பின்சக்கரம் ஒரு முழம் வழுக்கிற்று. ஊர் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. தாயார் அதற்குள் பக்கத்து வீட்டாரின் உதவியால் மருத்துவமனையில் தேறி உட்கார்ந்திருந்தார்கள். "இந்த மழையில் ஏன் வந்தாய்?" என்பதே அவர்கள் என்னைக் கேட்ட முதற் கேள்வி.

அவ்விரவு எனக்கு வேண்டியிருந்தவை யாவை என்று பின்னர் எண்ணிப் பார்த்தேன். நல்ல விளக்கு, வழுக்காத பிரேக், குழியைத் தாங்கும் சஸ்பென்ஷன், நல்ல டயர். இந்த நான்கில் குதிரைத்திறன் இடம் பெறவில்லை. பிரேக்கைப் பற்றி ஒரு சொல். சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு, 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்டுவிட்டது. அதற்கு முந்திய வண்டியை வைத்திருப்போர் வேறு வண்டிக்கு மாற எண்ணுவதற்கு இதுவொன்றே தக்க காரணமாகும்.

இனி, பெரிய முன்சக்கரத்தின் பயனைக் கூறுவேன். மாட்டு வண்டியின் பெரிய சக்கரம் பள்ளத்தின்மேல் உருண்டு போய்விடும். தள்ளுவண்டியின் சிறிய சக்கரமோ அதே பள்ளத்தில் விழுந்து நிற்கும். இதே தத்துவந்தான். ஆகவே கல்லும் மண்ணுமான பாதைக்கு 21 அங்குல முன்சக்கரம் சிறந்தது. ஆனால் அது வளைவுகளில் சற்று மெதுவாகத் திரும்பும். தார்ச் சாலையில் மிகுதியாகச் செல்வோருக்கு 19 அங்குலம் நடுத்தரமான ஏற்பாடு. சாதாரண வண்டிகளின் சஸ்பென்ஷன் நூறு மில்லிமீட்டரைச் சுற்றியே மேலும் கீழும் அசையும். இவ்வகையில் முரட்டு வண்டிகளோ 200 மில்லிமீட்டர் வரை அசைந்து கொடுக்கும். குழியில் இறங்கினாலும் முதுகெலும்புக்குச் சேதி போவதில்லை.

இரண்டாவது கோல், கால். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். சஸ்பென்ஷன் நீள நீள இருக்கையும் உயரும். ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ள ஒருவருக்குக் காலின் உட்புற நீளம் 750, 760 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இவ்வண்டிகளின் இருக்கையோ 825 முதல் 845 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் ஏறி அமரும்போது ஸ்பிரிங் சற்றுத் தாழ்வது உண்மைதான். எனினும் பெருவிரல் நுனி மாத்திரமே தரையைத் தொடும். சமதளத்தில் இது குற்றமாகாது. மழை நீர் ஓடும் சரிவில், பின்னால் ஆளும் பையும் இருக்கையில், கால் ஊன்றப் போய்த் தரை இரண்டங்குலம் தாழ்ந்திருந்தால், ஏறக்குறைய 200 கிலோகிராம் இரும்பு ஒருபுறம் சாயும். அதனைத் தனியொருவராகத் தூக்கி நிறுத்துவது எளிதன்று.

மூன்றாவது கோல், பாரம். என் இல்லத்தரசியாரிடம் இவ்வண்டிகளின் படத்தைக் காட்டியபோது அவர் கேட்டது இதுதான்: "ஏங்க, சேலை கட்டிக்கொண்டு இதில் எப்படி ஏறுவது?" நோட்டுப் புத்தகத்தில் நானும் மைத்துனரும் நான்கு பக்கம் எழுதியும் இக்கேள்வி எங்களுக்குத் தோன்றவில்லை. பின்னிருக்கையில் அமர்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்கப் படியும், பின்சக்கரத்தின் பாதியையேனும் மறைக்கும் காப்பும் இருக்கவேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. பின்புறம் பெட்டி மாட்டும் பொருட்டு இக்காப்பைக் கழற்றிவிடுவோர் உளர். அவர்களுக்கு விதியும் துணையில்லை. சேலை கட்டிய பெண்களின் உயிருக்கும் காவலில்லை.

மேலும், ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் ஏறலாம் என்பது சட்டம். குழந்தையை நடுவில் இருத்தி மூவராகச் செல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை. நான்கு வயதைக் கடந்த ஒவ்வொருவரும் தலைக்கவசம் அணிதல் வேண்டும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தலைக்கவசத்தோடு உடலைப் பிணைக்கும் வார்க்கட்டும் வேண்டும், வேகமும் 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்ற விதி 2023இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே மூன்று பேர் கொண்ட குடும்பத்திற்கு இவ்வண்டி எதுவாயினும் குடும்ப வாகனம் ஆகாது. குடும்பத்தோடு நாகர்கோவில் செல்வோருக்கு 1979இல் வந்த ரயில் பாதை இருக்கிறது. ரயில்வேயின் உப்பைத் தின்பவன் என்பதால் மட்டும் இதனைச் சொல்லவில்லை.

நான்காவது கோலாகிய பணத்திற்குச் செல்லுமுன், கடைத்தெருவில் உள்ள சரக்குகளை ஒருமுறை பார்த்துவிடுவோம்.

எளிய வகையில் முதலில் நிற்பது ஹீரோவின் 'எக்ஸ்பல்ஸ்'. 2019இல் 200 சி.சி. வண்டியாகத் தொடங்கிய இது, 2025 ஜனவரியில் 210 சி.சி. இயந்திரத்தோடும் வெளிவந்தது. திறன் சுமார் 24½ குதிரை. எடை சுமார் 170 கிலோகிராம். இருக்கை உயரம் 830 மில்லிமீட்டர். எண்ணெய்த் தொட்டி 13 லிட்டர். முன்சக்கரம் 21 அங்குலம். கரட்டுப் பாதைக்கு இதைவிட இலகுவான துணை கிட்டுதல் அரிது. நம் தென்மாவட்டச் சிற்றூர்களிலும் இந்நிறுவனத்தின் பழுது பார்க்கும் இடங்கள் இருப்பது பெரிய அனுகூலம். குறை யாதெனில், முறுக்கு விசை 20 நியூட்டன் மீட்டரைச் சற்றே தாண்டுவதால், இருவரும் மூட்டையுமாக மலையேறும்போது அடிக்கடி கியர் மாற்றவேண்டும்.

அடுத்தது சுஸுகியின் 'வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ்.' 2022 ஏப்ரலில் வந்தது. 249 சி.சி.; 26½ குதிரை; 167 கிலோகிராம்; இருக்கை 835 மில்லிமீட்டர்; தொட்டி 12 லிட்டர். முன்சக்கரம் 19 அங்குலம். வார்ப்புச் சக்கரமும் டியூப் இல்லாத டயரும் உடையது. தரை இடைவெளி 205 மில்லிமீட்டர்தான். எனவே பாறைக்காடுகளுக்கு ஏற்றதன்று. ஆனால் தார்ச் சாலையில் நெடுநேரம் அலுப்பின்றிச் செல்லும். நள்ளிரவில் ஆணி குத்தினாலும், டியூப் இல்லாத டயரில் காற்று ஒருங்கே போய்விடாது. சிறிய அடைப்பானும் கைப்பம்பும் இருந்தால் சக்கரத்தைக் கழற்றாமலே ஊர் சேரலாம். கம்பிச் சக்கரமும் டியூபும் உள்ள வண்டியில் சக்கரத்தைக் கழற்றியே தீரவேண்டும். காட்டு வழியில் அது பகலிலேயே கடினம்.

மூன்றாவது, ஓசூரிலுள்ள டி.வி.எஸ். நிறுவனம் 2025 அக்டோபரில் வெளியிட்ட 'அப்பாச்சி ஆர்.டி.எக்ஸ். 300'. 299 சி.சி.; 36 குதிரை; 180 கிலோகிராம்; இருக்கை 835 மில்லிமீட்டர். இதுவும் பெரும்பாலும் தார்ச் சாலையை எண்ணிச் செய்யப்பட்டதே. வலு, மேற்கூறிய இரண்டைக் காட்டிலும் கூடுதல். புதிதாக வந்த எந்த இயந்திரத்தையும் ஈராண்டு பிறர் ஓட்டக் கண்டபின் வாங்குவதே என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு அழகு.

இனிப் பெரிய வகை. 2023 நவம்பரில் வந்த புதிய 'ஹிமாலயன் 450': 452 சி.சி.; நீரால் குளிரூட்டப்படும் இயந்திரம்; 40 குதிரை; 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை; 196 கிலோகிராம்; இருக்கையை 825 அல்லது 845 மில்லிமீட்டராக அமைத்துக்கொள்ளலாம்; தொட்டி 17 லிட்டர்; தரை இடைவெளி 230 மில்லிமீட்டர். இருவரோடும் சுமையோடும் மலையேறுவதில் இது திணறாது. ஒருமுறை தொட்டி நிரப்பினால் திருநெல்வேலி சென்று திரும்பிய பின்னும் எண்ணெய் மிஞ்சும். குறை அதன் எடையே.

2025 ஜனவரியில் வந்த கே.டி.எம். '390 அட்வென்ச்சர்': 399 சி.சி.; 46 குதிரை; 183 கிலோகிராம்; இருக்கை 830 மில்லிமீட்டர்; தரை இடைவெளி 237 மில்லிமீட்டர்; தொட்டி 14½ லிட்டர். பட்டியலில் மிகவும் வலியது இதுவே. இது பழகிய கைக்கு விருந்து. பழகாத கைக்கு வம்பு. இயந்திரத்தின் முழு வலுவும் மேல் வேகங்களில்தான் வெளிப்படும்.

அவ்வலுவை எங்கே செலவிடுவது என்பதே கேள்வி. கேரளத்தில் இரு சக்கர வாகனங்களுக்கு உச்ச வேகம் 60 கிலோமீட்டர் என்று 2023 ஜூலை முதல் வரையறுத்திருக்கிறார்கள். அதே ஆண்டு ஜூன் முதல் சாலைக் காமிராக்கள் அபராதச் சீட்டு அனுப்பத் தொடங்கிவிட்டன. காவல்கிணற்றுக்கு அப்பால் உள்ள நான்கு வழிச் சாலையிலும், மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு அறிவிப்புப்படி உச்ச வரம்பு 80 கிலோமீட்டர்தான். அறுபதுக்கும் எண்பதுக்கும் இருபத்தைந்து குதிரைத்திறன் தாராளம். மிகுதியான திறன், இருவரோடு மலையேறவும் லாரியை விரைவில் கடக்கவும் உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது அவசியமன்று, வசதி.

பணத்தின் கணக்கிற்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி மாற்றத்தின்படி, 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 350 சி.சி.க்கு மேற்பட்டவற்றிற்கு, முன்பு கூடுதல் தீர்வையையும் சேர்த்து 31 சதவீதமாக இருந்தது 40 சதவீதமாக உயர்ந்தது. வரிக்கு முந்திய விலை 2 லட்சம் என்றால், சிறிய வண்டிக்கு 20,000 ரூபாய் மிச்சம். அவ்விலை 2½ லட்சம் என்றால், பெரிய வண்டிக்கு 22,500 ரூபாய் கூடுதல் சுமை. எளிய வகை வண்டிகள் ஒன்றரை லட்சத்திற்கும் இரண்டு லட்சத்திற்கும் அண்மையில் நிற்க, பெரிய வகை மூன்று லட்சத்தைத் தாண்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். இவை கடை விலைகளே. கேரளத்துச் சாலை வரி விலை ஏற ஏறத் தானும் விகிதத்தில் ஏறும் இயல்புடையது என்பதையும் சேர்த்துக்கொள்க. காப்புறுதியிலும் அப்படியே. பிறருக்கு நேரும் சேதத்திற்கான கட்டாயக் காப்புறுதி, 2022இல் வகுத்த கட்டணப்படி, 150 முதல் 350 சி.சி. வரை ஆண்டுக்கு 1,366 ரூபாய். 350க்கு மேல் 2,804 ரூபாய்.

'கொஞ்சம் கடன்' என்று என் மைத்துனர் சொன்னாரல்லவா? 2 லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 11 சதவீத வட்டியில் மூன்றாண்டுத் தவணைக்கு வாங்கினால், மாதம் 6,550 ரூபாய் அளவில் கட்டவேண்டும். மொத்த வட்டி 35,000 ரூபாயைத் தாண்டும். எண்ணெய்ச் செலவையும் பாருங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுவோர், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் வண்டியிலிருந்து 30 தரும் வண்டிக்கு மாறினால், மாதம் 13 லிட்டர் கூடும். லிட்டர் 100 ரூபாய் என்று வட்டமாகக் கொண்டாலும் 1,300 ரூபாய். தவணையும் எண்ணெயும் சேர்ந்து மாதம் ஏறத்தாழ 7,850 ரூபாய். ஊருக்கு மாதந்தோறும் பணம் அனுப்பும் நம்மவரில் எத்தனை பேருக்கு இத்தொகை கையிருப்பில் எஞ்சுகிறது என்பதை அவரவர் அறிவர். வண்டியின் தவணைக்காகத் தாயாரின் மருந்துச் செலவு குறையுமாயின், அவ்வண்டியில் ஏறித் தாயாரைக் காணச் செல்வதில் என்ன பெருமை?

பழைய வண்டி வாங்குவோர் கவனத்திற்கு: 2023 வரை விற்ற 411 சி.சி. ஹிமாலயன் இப்போது இரண்டாம் கையில் கிடைக்கிறது. இருக்கை 800 மில்லிமீட்டரே ஆதலின் நம் உயரத்திற்குப் பொருந்தும். ஆனால் எடை 199 கிலோகிராம், திறனோ 24½ குதிரை. தமிழ்நாட்டில் பதிவான வண்டியைக் கேரளத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்யவேண்டும். அதற்கு முந்தைய பதிவு அலுவலகத்தின் ஆட்சேபமின்மைச் சான்றும், இங்கே சாலை வரியும் தேவை. மலிவு என்று ஊரில் வாங்கியது இங்கே வந்தபின் மலிவாயிராது.

என் உத்தியோகத்தோடு ஒட்டிய செய்தியும் ஒன்று உண்டு. வெகு தொலைவுக்கு மாற்றலாகிச் செல்வோர் வண்டியை ரயிலில் அனுப்பலாம். பயணச் சீட்டோடு லக்கேஜாகப் பதிந்தால் பெரும்பாலும் உடன் வரும். பார்சலாகப் பதிந்தால் சீட்டு வேண்டுவதில்லை, ஆனால் வேறு ரயிலிலும் வரக்கூடும். எண்ணெயை முற்றும் வடித்து, சாக்கும் வைக்கோலும் சுற்றி, பதிவுச் சான்று, காப்புறுதி, அடையாளச் சீட்டு ஆகியவற்றின் நகலோடு வரவேண்டும். வண்டி சிறிது நேரமே நிற்கும் நிலையங்களில் ஏற்றவோ இறக்கவோ இயலாது. இரு ஆள் தூக்கும் வண்டிக்கும் நால்வர் தூக்க வேண்டிய வண்டிக்கும் வேற்றுமை பார்சல் மேடையில் நன்கு விளங்கும். முகப்புக் கண்ணாடி, பக்கக் கண்ணாடி முதலிய நீட்டுச் சாமான்களைக் கழற்றித் தனியே எடுத்துச் செல்வது நலம்.

இறுதியாக எங்கள் முடிவு. என் வழி தென்மலை வழி, தார்ச் சாலை, சில வேளைகளில் இல்லத்தரசியாரும் உடன் வருவார். ஆகவே எனக்குப் பொருந்துவது 250 சி.சி. அளவில், டியூப் இல்லாத டயரும் நல்ல விளக்கும் உடைய இலகுவான வண்டியே என்று தீர்மானித்திருக்கிறேன். அதையும் அடுத்த சித்திரைக்குள் பாதிப் பணம் சேர்ந்த பின்னரே வாங்குவது. அதுவரை பழைய வண்டிக்குப் புதிய டயர் இரண்டும், பிரேக் கட்டைகளும், நல்ல விளக்கும் மாற்றியிருக்கிறேன். இதற்கான செலவு ஒரு மாதத் தவணையைத் தாண்டவில்லை. ஐப்பசி மழை என் சேமிப்பு நிறையும்வரை காத்திராதல்லவா?

மைத்துனர் தனியாள், ஐந்தடி பத்தங்குல உயரம், விடுமுறையில் பொன்முடியின் இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளுக்கும் அதற்கப்பாலும் செல்லும் ஆவலுடையவர். அவருக்கு ஹிமாலயன் பொருந்தாது என்று நான் சொல்லமாட்டேன். "மாப்பிள்ளை, வாங்குங்கள். ஆனால் ஆறு மாதம் தவணைத் தொகையை வங்கியில் போட்டுப் பாருங்கள், மூச்சு முட்டவில்லையானால் பிறகு கடைக்குப் போவோம்" என்றேன். முதல் மாதம் போட்டுவிட்டார். இரண்டாம் மாதம் தம் அக்காளிடம் கைமாற்று கேட்டதாகத் தெரிகிறது. நான்கு மாதம் இன்னும் இருக்கிறது; பார்ப்போம்.

வாங்க எண்ணும் நேயர்கள் கடையில் வண்டியைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். பின்னால் அமரப் போகிறவரை, அவர் வழக்கமாக உடுக்கும் உடையிலேயே அழைத்துச் செல்லுங்கள். அவரோடு, ஒரு பையையும் ஏற்றி ஓட்டுங்கள். சரிவான இடத்தில் நிறுத்திக் காலூன்றிப் பாருங்கள். இயந்திரத்தை அணைத்து, வண்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். இருட்டியபின் விளக்கைப் போட்டுப் பாருங்கள். ஊரில் பழுது பார்க்கும் இடம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று கேட்டறியுங்கள். நல்ல தலைக்கவசங்கள் இரண்டின் விலையை வண்டி விலையோடேயே சேர்த்துக் கணக்கிடுங்கள்.

நம் அங்கத்தினர்களில் இவ்வகை வண்டிகளை ஏற்கெனவே வைத்திருப்போர் சிலர் உளர் என்று அறிகிறேன். அவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை வண்டியைச் சங்கத்து முற்றத்தில் நிறுத்தி, வாங்க விழைவோர் ஏறி அமர்ந்து பார்க்க இசைவார்களாயின் பேருதவியாக இருக்கும். விற்பவர் சொல்லாததை வைத்திருப்பவர் சொல்லுவார். இசைவுள்ளோர் பெயரை வாசகசாலைப் பதிவேட்டில் எழுதி வைக்குமாறு வேண்டுகிறேன்.